கோட்டுக்காரரின் கணக்குத் தேர்வு

என் வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாலையில் வெள்ளைக் கோடு போடுவது அவர் தொழில். நடுக்கோடு, ஓரக்கோடு, பள்ளிக்கூட வாசலில் ஆட்கள் கடக்கும் பட்டைக்கோடு, வண்டி நிறுத்தும் கட்டம் எல்லாம் போடுவார். இந்த ஊரில் நீங்கள் எந்தப் பெரிய சாலையில் போனாலும் அவர் நடந்த தடத்தின் மேல்தான் போகிறீர்கள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த மனிதருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். பல் தேய்த்தபடியே வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். செய்தித்தாளில் ஒரு பக்கம் படித்து முடித்தால் அடுத்த பக்கத்துக்கு வேறு அறைக்குப் போவார். கல்யாணமான புதிதில், "என்னங்க, உக்காந்து சாப்பிடுங்களேன்" என்று கெஞ்சுவேன். சொன்னதற்காக உட்காருவார். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தட்டோடு ஜன்னலோரம் போய் நின்றிருப்பார். பரிமாறுவதற்கு அவர் பின்னாலேயே அலைந்து என் காலும் அப்படியே பழகிவிட்டது.

கோடு போடுவது என்றால் வாளியும் தூரிகையும் என்று நினைக்காதீர்கள். கோட்டுக்கென்றே மூட்டையில் வரும் வெள்ளை மாவை அடுப்பு வண்டியில் கூழாக உருக்க வேண்டும். அதை ஓர் இரும்புப் பெட்டியில் ஊற்றி, முன்கூட்டியே கயிறு பிடித்து அடித்த சுண்ணாம்புத் தடத்தின் மேல் இழுக்க வேண்டும். இழுப்பவர் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். கண் பெட்டியை விட்டு நகரக் கூடாது, ஒரு நொடி தலை நிமிர்ந்தாலும் கோடு கோணிவிடும். முதுகுப் பக்கம் வருவதும் தெரியாது, எதிரே வருவதும் தெரியாது. கூடவே இன்னொருவர் குனிந்து வந்து, கோடு ஆறுவதற்குள் அதன் மேல் கண்ணாடித் துகளைத் தூவ வேண்டும். வண்டி விளக்கில் கோடு மினுங்குவது அந்தத் துகளால்தான். இந்த இரண்டு பேரும் தலை குனிந்தே இருப்பதால், சிவப்புக் கொடியோடு வேறு ஆள் நின்று வண்டிகளைப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி எழுதியவர்கள் நல்லவர்கள். ஆள் அனுப்புகிறவர்கள் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இவரோடு துகள் தூவியவரை எல்லாரும் கூம்பு என்பார்கள். சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றின் மேல் ஒன்று செருகித் தோளில் தூக்கி வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் கூம்புக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். "உன் வீட்டுக்காரர் எப்படியும் உக்காரப் போறதில்ல தங்கச்சி. அவர் பங்கையும் சேத்து நானே உக்காந்துக்கறேன்" என்பார்.

போன ஆண்டு ஒரு விடியற்காலையில், ஆற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு வேன் கூம்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூம்பு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்க்க ஆள் இல்லை. அது என் வீட்டுக்காரரின் சட்டையை உரசிக்கொண்டு போய் கூம்பை அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. போட்டுக்கொண்டிருந்த கோடும் அங்கேயே நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும், இயந்திரம் நிற்காது. ஒரு பக்கம் கேட்டவருக்குப் பத்துப் பக்கம் எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. சாயங்காலம் அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்கிற வரைக்கும் நானும் அவரைப் போலத்தான், வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன்.

அப்போதுதான் அவருடைய இலாகாவில் வரைபட அறைக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. எந்தச் சாலையில் எங்கே எந்தக் கோடு என்று தாளில் குறிக்கிற வேலை. மேலே கூரை, எதிரே மேஜை, பக்கத்தில் ஒரு வண்டி கிடையாது. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இவர் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் விழுந்து, அப்படியே எழுந்து சாலைக்கு வந்தவர். அந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும்.

"நாள் பூரா நாற்காலியில உக்காரணுமாம்" என்றார். "அதுக்கு நானும் கூம்பு போன இடத்துக்கே போயிடலாம்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சோற்றுப் பானையைக் கழுவிய சத்தத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"சரி, ஒரே ஒரு தடவை எழுதறேன்" என்றார் கடைசியில்.

கடையில் பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கிடைத்த எல்லாவற்றிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. சில புள்ளிகளைக் கொடுப்பார்கள். வரைபடத்தாளில் அவற்றைக் குறித்து, நேர்க்கோடு வரைந்து, அந்தக் கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண்ணும் கொழுத்த மதிப்பெண். நேர்க்கோடு போட்டே பிழைக்கிற மனிதருக்கு நேர்க்கோட்டுக் கணக்கு! கேள்வித்தாள் எடுத்தவருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன். அந்தக் கும்பிடு வீண் என்று அப்போது தெரியவில்லை.

தாளை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அச்சு வரைந்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார். நானும் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்து, கடைசியில் கூடத்துச் சாமான்களை எல்லாம் சுவரோரம் தள்ளினேன். எங்கள் கூடத்தில் பழைய சதுர ஓடு பதித்திருக்கும். ஓட்டுக்கு ஓடு இடுக்கு, இடுக்குக்கு இடுக்கு கோடு, வீட்டுக்குள்ளேயே ஒரு பெரிய வரைபடத்தாள். நடுவில் நீலச் சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடும் நெடுக ஒரு கோடும் போட்டேன்.

"இது எக்ஸ் அச்சு, இடமிருந்து வலம் போகும். இது ஒய் அச்சு, கீழேயிருந்து மேல போகும். ரெண்டும் வெட்டிக்கிற இடம் பூஜ்யம்."

"நாற்சந்தி" என்றார்.

"ஆதிப்புள்ளிங்க."

"பேர் என்னவா இருந்தா என்ன? நாலு பக்கமும் வழி போகுதில்ல?"

இந்த நேரத்தில் என் தம்பியையும் சொல்லிவிட வேண்டும். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் தம்பிக்குத் தம்பி, பிள்ளைக்குப் பிள்ளை. கிடங்கு ஒன்றில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கிடங்கை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் சோபாவும் கைப்பேசியுமாகக் கிடந்தான். சோபாவைச் சுவரோரம் தள்ளியபோதும் அவன் இறங்கவில்லை, அதோடு சேர்ந்தே நகர்ந்து போனான்.

"மாமா, எக்ஸ் அச்சுல ஒரு வேகத்தடை போட்டுடலாமா?" என்று அங்கிருந்து கேட்டான்.

"உன் சோபாவுக்கு முன்னாடி போடறேன் மாப்ள. அதுதான் ரொம்ப வேகமா போகுது" என்றார் இவர்.

முதல் நாள் சாய்வு. ஒரு கட்டம் வலப்பக்கம் போனால் எத்தனை கட்டம் ஏற வேண்டும் என்பதுதான் சாய்வு. நடக்கிற விஷயம் என்பதால் உடனே பிடித்துக்கொண்டார். சாய்வு இரண்டு என்றால் வலப்பக்கம் ஓர் ஓடு, மேலே இரண்டு ஓடு, மறுபடியும் வலப்பக்கம் ஓர் ஓடு என்று கூடம் முழுக்க ஏறினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் எந்தக் கோட்டைக் கேட்டாலும் பூஜ்யத்திலிருந்தே புறப்பட்டார். கோடு என்றால் முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் தொழில்.

y = 2x + 3 என்று தரையில் எழுதிக் காட்டினேன்.

"இந்தக் கோடு ஒய் அச்சுல மூணாவது ஓட்டுல வெட்டும்ங்க. அதுக்குப் பேரு வெட்டுத்துண்டு."

"ரெண்டு எக்ஸ் புரியுது. இந்த மூணு எங்கேயிருந்து வந்துச்சு? நான் இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கலையே."

"நீங்க அடி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே அது இருக்கு."

தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "அப்ப எனக்கு முன்னாடியே எவனோ வந்து வேலை பாத்துட்டுப் போயிருக்கான்" என்றார். "சரி, இருக்கட்டும்." அதோடு அந்தப் பாடம் முடிந்தது. நான் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

தலைகீழாகச் செய்வதில்தான் வம்பு வந்தது. தேர்வில் சமன்பாட்டைத் தர மாட்டார்கள். புள்ளிகளைத் தந்து சமன்பாட்டைக் கேட்பார்கள். பழைய சட்டைப் பொத்தான்களை எடுத்து ஒய் அச்சுக்கு இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டும் வைத்தேன். கோடு அச்சை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று அவரே வரைந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக் கயிற்றை எடுத்தார். முதல் பொத்தானுக்கும் கடைசிப் பொத்தானுக்கும் இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்த பொத்தான்கள் கயிற்றில் படுகின்றனவா என்று தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுண்டினார். அப்படி ஒரு கோட்டை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை, கண்ணே பட்டுவிடும். வாய்விட்டுப் பாராட்டப் போனேன். அதற்குள் தோளிலிருந்த துண்டை எடுத்து, கோடு ஒய் அச்சைத் தாண்டுகிற இடத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"சந்திப்பு" என்றார், எனக்குத் தெரியாத ரகசியத்தைச் சொல்வது போல. "சந்திப்புல முழுக்கோடு போடக் கூடாது. போட்டா யாரும் அந்தப் பக்கம் திரும்பக் கூடாதுன்னு அர்த்தம். இடம் விடணும்."

"ஒய் அச்சுல வண்டி ஏதுங்க?"

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வராதா?"

தம்பி சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நமக்கு வேண்டிய விடையே அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் துடைத்துவிட்டீர்கள் என்று துடைத்த இடத்தைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அத்தனை வருஷத்துக் கை. சந்திப்பு வந்தால் தானாகத் தூக்கிக்கொள்ளும். அதைத் தேர்வு அறையில் யார் பிடித்து அழுத்துவது?

கடைசிப் பொத்தானோடு கோட்டை நறுக்கென்று நிறுத்துவதும் அப்படித்தான். புள்ளி முடிகிற இடத்தில் கோடு முடிவதில்லை, இரண்டு பக்கமும் நீட்டி அம்புக்குறி போட வேண்டும் என்றேன். "வேலை முடிஞ்ச இடத்துல கோடு முடியணும். மேல ஒரு சாண் போட்டாலும் மாவு வீண்" என்றார். "இங்க மாவு யாரோடதுங்க?" என்றேன். "அதுக்காக?" என்றார்.

அன்றைக்கு விட்ட சண்டையை மறுநாள் தொடர்ந்தோம். தினமும் பொத்தான், தினமும் கயிறு. துண்டை ஒளித்து வைத்தேன், புறங்கையால் துடைத்தார். பிறகு வரைபடத்தாளை அலமாரிக் கதவில் ஒட்டி, நின்றபடியே பென்சிலால் போடவைத்தேன். அதற்குப் பிறகு மேஜை. உட்கார்ந்து போடும்போது அவர் முழங்கால் ஆடுகிற ஆட்டத்தில் மேஜையே நடுங்கும். எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொள்வேன். அவர் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டு வந்துதான் இதையெல்லாம் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அவர் உயிரோடு திரும்பி வந்து, என்னோடு உட்கார்ந்து, ஒய் அச்சுக்காகச் சண்டை போட்டார். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

தேர்வு அன்று அவரைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றேன். நின்றேன் என்பது சும்மா. கேட்டிலிருந்து மதில் முனைக்கும், மதில் முனையிலிருந்து கேட்டுக்கும் நடந்தேன்.

"உக்காருங்கம்மா. பையன் நல்லா எழுதுவான்" என்றார் காவலாளி.

"பையன் இல்லீங்க. வீட்டுக்காரர்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, நான் நடப்பதற்கு வசதியாக நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார்.

மணி அடித்ததும் சின்னப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவில் நரைத்த தலையோடு வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வரைபடம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒய் அச்சுல?"

நடையை எட்டிப் போட்டார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கை தானா தூக்கிடுச்சு" என்றார். "ஒரு பொத்தான் அகலத்துக்கு இடம் விட்டுட்டேன். அப்புறம் உன் முகம் ஞாபகம் வந்துச்சு. பானை கழுவின அன்னிக்கு இருந்த முகம். உடனே அடைச்சேன்."

"எதுல வெட்டுச்சு?"

"நாலுல."

"சாய்வு?"

"ஒரு கட்டம் வலப்பக்கம் போனா ரெண்டு கட்டம் கீழ இறங்குது. கழித்தல் ரெண்டு. அம்புக்குறியும் போட்டேன், ரெண்டு பக்கமும். போதுமா?"

வினாத்தாளைப் பிடுங்கி மதில் மேல் வைத்துப் பார்த்தேன். (−2, 8), (−1, 6), (1, 2), (2, 0). ஒவ்வொரு படிக்கும் இரண்டு இறங்குகிறது. எட்டு, ஆறு, அடுத்தது பூஜ்யத்துக்கு நேரே நாலு. y = −2x + 4. சரியாகத்தான் இருந்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். காவலாளி நிச்சயம் தப்பாக நினைத்திருப்பார்.

முடிவு வருவதற்கு இடையில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லாமலே விடுகிறேன். அவர் சாலைக்குப் போனார், நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். தேறிவிட்டார். மயிரிழையில்தான் தேறினார், ஆனால் தேறினார். வரைபட அறையில் வேலையும் கிடைத்தது. நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிவதைப் பார்த்து, மூலையில் கிடந்த உயரமான பழைய வரைபலகையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டே கோடு போடலாம்.

அவருடைய ஆரஞ்சு மேல்சட்டையைக் கடைசி முறையாகத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். தூக்கி எறிய வேண்டும் என்று ஆசை. கூம்பு தொட்ட துணி என்பதால் மனசு வரவில்லை. அன்றைக்கு இரவு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் யாரோ பாவம் என்று மற்றவர்களைப் போல நினைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அப்படி நினைக்க முடிவதுதான் எவ்வளவு பெரிய சுகம்!

அந்தச் சுகத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மாமா இந்த வயதில் படித்துத் தேறிவிட்டார், நீ சோபாவைத் தேய்க்கிறாயே என்று தம்பியைக் காலையும் மாலையும் பிடுங்கினேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவன் அலமாரிப் பக்கம் போய், அந்த ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்குத் தோள் கொஞ்சம் இறக்கம்.

"எப்படிக்கா இருக்கு?"

"கழட்டுடா அதை. விளையாட்டுப் பொருளா அது?"

"விளையாட்டு இல்லக்கா. வேலை கிடைச்சிருச்சு. மாமா இருந்த இடம்தான். பெட்டி இழுக்கற வேலை, திங்கக்கிழமையிலேருந்து."

கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. இவரைப் பார்த்தேன். ஜன்னலோரம் தட்டோடு நின்றிருந்தார், திரும்பவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரு இடம் காலியானா அதுல ஆள் போடத்தானே செய்வாங்க."

"அதுக்கு என் தம்பியா?"

"யாரா இருந்தாலும் யாரோ ஒருத்தருக்குத் தம்பிதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தம்பியிடம் அழுதேன், திட்டினேன், சத்தியம் கேட்டேன். அவன் அசையவில்லை. "நீதானே வேலைக்குப் போ, வேலைக்குப் போன்னு உயிரை வாங்கின? போறேன். இப்ப ஏன் போறேன்னு உயிரை வாங்கற?" என்றான். புருஷனைச் சாலையிலிருந்து இழுத்துக்கொள்ள அந்தப் பாடு பட்டேனே, அவர் நகர்ந்த இடம் வெறும் தரையாகக் கிடக்கும் என்றா நினைத்தேன்? அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை என்பதுதான் நிஜம். மறுபடியும் வயிற்றில் நெருப்பு, மறுபடியும் பத்துப் பக்கம், மறுபடியும் முதலாளி. பைக்கின் சத்தம்தான் வேறு.

இவர் மட்டும் ஒன்றுமே நடக்காதவர் போல இருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போதே, "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். மைத்துனன் அங்கே பின்பக்கமாக நடக்கிறான், இவருக்கு உலாத்தல் கேட்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் வாசல் பெருக்கும்போது அவர் செருப்பைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டு. சுரண்டினேன், நகத்தில் பொடுக்கென்று வந்தது. நடுவில் கண்ணாடித் துகள் மினுங்கியது. வரைபட அறையில் மாவு உருக்குவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன கொஞ்ச நேரத்தில் நானும் கிளம்பினேன். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பாலத்துச் சாலையில் விட்டுப்போன கோட்டை முடிக்கப் போகிறோம் என்று தம்பி முந்தின நாள் சொல்லியிருந்தான்.

முதல் பேருந்தில் போய் இறங்கினேன். வெளுத்துக்கொண்டிருந்தது. ஆரஞ்சுக் கூம்புகள் வரிசையாக நின்றன. என் தம்பி, நான் துவைத்து மடித்த மேல்சட்டையில், பெட்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தான். துகள் தூவுகிறவர் குனிந்தபடி கூடவே வந்தார். இன்னும் இரண்டு பேரைத்தான் அனுப்பியிருந்தார்கள். தம்பியின் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, வண்டிகள் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, சிவப்புக் கொடியோடு என் வீட்டுக்காரர் நின்றார்.

நின்றார். சட்டை காற்றில் படபடத்தது, கொடி படபடத்தது, அவர் அசையவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாத மனிதர், முழங்கால் ஆட்டத்தில் மேஜையை நடுங்கவைத்தவர், நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. திட்டுவதற்கென்று பேருந்தில் வரும்போது சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்கு வந்தது.

"நான் எதுக்குங்க உங்களைப் படிக்க வெச்சேன்?"

அவர் திரும்பவில்லை. "பேசு, காது கேக்குது. திரும்பத்தான் முடியாது" என்றார். ஒரு லாரி வந்தது. கொடியை ஆட்டினார். லாரி வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போயிற்று.

"சாலைக்கு இனிமே வர மாட்டீங்கன்னு நெனச்சுத்தானே நான் நிம்மதியா தூங்கினேன்?"

"புள்ளி முடிஞ்சா கோடு முடியாது, ரெண்டு பக்கமும் அம்புக்குறி போடணும்னு நீதானே சொன்ன?" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு சிரிப்பு இல்லாமல், "அன்னிக்கு இங்க ஒரு ஆள் இப்படி நின்னிருந்தா கூம்பு இருந்திருப்பான்" என்றார்.

தம்பி தலை நிமிராமலே கத்தினான். "அக்கா, ஓரமா நில்லு! கோட்டை மிதிச்சுடாத!"

குனிந்து பார்த்தேன். பழைய கோடு மங்கி முடிந்த இடமும் புதுக்கோடு தொடங்கின இடமும் என் காலடியில்தான் இருந்தன. நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்திருந்தான். தம்பி பெட்டியைப் பார்த்தான், துகள் தூவுகிறவர் கோட்டைப் பார்த்தார், இவர் வருகிற வண்டிகளைப் பார்த்தார். எதிர்ப்பக்கம், பாலத்திலிருந்து இறங்கி வருகிற வண்டிகளைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"இன்னொரு கொடி இருக்கா?" என்று கேட்டேன்.